சிறுவர் அவதானமும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழா மேடையில் வழக்கமாகப் பேசப்படும் பொருள்கள் பல உள. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றுள் ஒன்றன்று. ஓரிடத்தில் இரண்டு நிமிடம் இருக்க இயலாத சிறு பிள்ளைகளைப் பற்றியும், அவர்களுடைய அவதானத்தை வளர்க்கும் வழிகளைப் பற்றியும் பேச எண்ணுகிறோம். இது வைத்தியர்களுக்குரிய விஷயமல்லவா என்று சிலர் கேட்கலாம். வைத்தியர்க்குரிய பகுதி ஒன்று உண்டு. அதை அவர்களிடமே விடுவோம். நமக்குரிய பகுதியும் ஒன்று உண்டு. அதில் நாம் தவறினோம். அந்தத் தவற்றைச் சொல்லித் தொடங்குவதே முறை.

சென்ற ஆண்டு நமது ஞாயிறு வகுப்பிற்கு ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். பாயில் இருத்தினால் எழும்புவான். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை இழுப்பான். கேள்வி முடியுமுன்னே விடையைக் கத்துவான். வாசலால் நாய் போனால் அதன் பின்னே போய்விடுவான். குழப்படிக்காரன் என்று பெயர் வைத்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவனை வாசலில் நிறுத்தினோம். நான்காம் கிழமை அவன் வரவில்லை. வகுப்பு அமைதியாயிற்று. அந்த அமைதியை நமது வெற்றியென்றே எண்ணினோம்.

சில வாரங்களின் பின் அவன் தாயார், வகுப்பில் கொடுத்த புத்தகத்தைத் திருப்பித் தர வந்தார். கோபிக்கவில்லை. போகும்போது ஒன்று மாத்திரம் சொன்னார்: “தம்பிமார், அவன் இருக்கமாட்டன் எண்டு அடம்பிடிக்கேல்லை, அவனுக்கு இருக்க ஏலாமல் கிடக்கு.”

மாட்டான் என்பது வேறு; ஏலாது என்பது வேறு. மாட்டேன் என்பவனுக்குக் கண்டிப்பு வேண்டியிருக்கலாம். ஏலாது என்பவனுக்குப் பயிற்சி வேண்டும். இவ்விரண்டையும் நாம் ஒன்றாகக் கருதினோம். நொண்டும் பிள்ளையை ஓடவில்லையென்று வாசலில் நிறுத்துவோமா? இதைச் செய்தோமே என்ற வெட்கந்தான் நம்மை இவ்விஷயத்தைத் தேடிப் படிக்கச் செய்தது. படித்தவற்றுள் உறுதியானவற்றை இங்கே சொல்கிறோம்.

வைத்தியர்கள் இதற்கு இட்ட பெயர் நீளமானது: அவதானக் குறைபாட்டு மிகையியக்கக் கோளாறு. பெயர் புதிது, பிள்ளைகள் புதியவர்களல்லர். ஜெர்மனியில் பிராங்போட் நகரத்து வைத்தியரான ஹைன்றிச் ஹொவ்மன் என்பவர் 1840களில் வெளியிட்ட சிறுவர் படப் புத்தகத்தில் பிலிப் என்றொரு பையன் வருகிறான். சாப்பாட்டு மேசையில் கதிரையை ஆட்டி ஆட்டி, முடிவில் மேசை விரிப்பையும் கறி கோப்பைகளையும் இழுத்துக்கொண்டு விழுகிறான். 1902இல் லண்டன் மாநகரில் ஜோர்ஜ் ஸ்ரில் என்னும் குழந்தை வைத்தியர், 43 பிள்ளைகளைப் பற்றி வைத்தியர் சபையில் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அறிவிற் குறையாத பிள்ளைகளிடத்தும் இந்நிலை உண்டென்று அவர் எடுத்துக் காட்டினார். ஆயினும் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே அவரும் அதற்குப் பெயரிட்டார். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கைந்நூலில் அவதானக் குறைபாடு என்ற பெயர் ஏறியது 1980இலேதான். ஒழுக்கம் என்ற சொல் நீங்கி அவதானம் என்ற சொல் வருவதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் சென்றன. நாமோ சென்ற ஆண்டுவரை பழைய பெயரிலேயே நின்றோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். துள்ளித் திரியும் பிள்ளையெல்லாம் இக்கோளாறுடைய பிள்ளையன்று. ஆறு வயதில் துள்ளாத பிள்ளையைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்! வைத்தியர்கள் அவதானக் குறைவுக்கு ஒன்பது அறிகுறிகளும், மிகையியக்கத்திற்கும் அவசரத்திற்கும் ஒன்பது அறிகுறிகளும் வகுத்துள்ளனர். ஒரு பக்கத்தில் ஆறேனும் இருத்தல் வேண்டும். அவை ஆறு மாதமாயினும் நீடித்திருத்தல் வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும். வீட்டிலும் பாடசாலையிலுமென ஓரிடத்திற்கு மேற்பட்ட இடங்களிற் காணப்படல் வேண்டும். பிள்ளையின் வாழ்வையும் படிப்பையும் அவை கெடுக்கவும் வேண்டும். பாடசாலையில் மாத்திரம் குழப்பமாயின் பாடசாலையைப் பார்க்கவேண்டும். வீட்டில் மாத்திரமாயின் வீட்டைப் பார்க்கவேண்டும். காது கேளாமையும், கண் குறைவும், நித்திரைக் குறைவும், மனத் துயரமும் இதே கோலத்தைக் காட்டக்கூடும். ஆதலால் முடிவு சொல்வது வைத்தியரின் வேலை. சங்கத்து இளைஞர் எவரும், நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம், ஒரு பிள்ளைக்கு இப்பெயரைச் சூட்ட உரிமையுடையவரல்லர்.

உலக நாடுகள் பலவற்றின் கணக்குகளைத் தொகுத்துப் பார்த்தோர், நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஐவருக்கு இக்கோளாறு உண்டென்கின்றனர். அப்படியாயின் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர் இருத்தல் கூடும். இது தாயின் வளர்ப்புப் பிழையால் வருவதன்று. இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தோர் பரம்பரையின் பங்கே மிகப் பெரிதென்று கண்டனர். சீனி தின்பதால் வருகிறதென்ற பேச்சும் உண்டு. அதைச் சோதித்த ஆய்வுகளை 1995இல் ஒருங்கு சேர்த்துப் பார்த்தபோது, சீனி பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை. பல்லுக்காகச் சீனியைக் குறையுங்கள். ஆனால் மிட்டாய் கொடுத்த பாட்டியைக் குற்றஞ்சாட்டாதீர்கள்.

2007இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வு நமது உள்ளத்தைத் தொட்டது. இப்பிள்ளைகள் 223 பேரின் மூளைப் படங்களையும் ஏனைய பிள்ளைகள் 223 பேரின் படங்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். மூளையின் மேற்பட்டை தடித்து முதிர்வதில், ஏனையோர் ஏழரை வயதளவில் அடையும் நிலையை இப்பிள்ளைகள் பத்தரை வயதளவிலேயே அடைந்தனர். வளரும் வழி ஒன்றே. வளரும் காலந்தான் பிந்துகிறது. இது சராசரிக் கணக்கேயன்றி ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய அளவன்று. ஆயினும் இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையிடம் ஆறு வயதின் பொறுமையை எதிர்பார்த்து ஏமாந்தோம். அவன் அப்பொழுது எந்தப் படியில் நின்றானோ அந்தப் படியிலிருந்து அவனைக் கைபிடித்து ஏற்ற முயன்றோமில்லை.

இனி, அவதானத்தைப் பயிற்றலாமா என்னும் கேள்விக்கு வருவோம்.

இக்காலத்தில் முதலில் எல்லோரும் நாடுவது கணினியை. 2005இல் அமெரிக்காவின் ஓறிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போஸ்னர் முதலானோர், நான்கு வயதும் ஆறு வயதுமான சாதாரணப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் கணினி விளையாட்டுப் பயிற்சி கொடுத்தனர். திரையில் ஒரு பூனைக்குட்டியைப் பிடிகோலால் நடத்துவது அப்பயிற்சியின் ஆரம்பம். பயிற்சியின் பின் மூளையின் மின்னலைப் பதிவில் சற்று முதிர்ந்த கோலம் காணப்பட்டது. அதே ஆண்டில் சுவீடன் நாட்டுக் கிளிங்பேர்க் என்பவரும் அவருடன் ஆய்ந்தோரும், இக்கோளாறுடைய பிள்ளைகளுக்கு நினைவுப் பயிற்சி அளித்து நல்ல பலன் கண்டதாக வெளியிட்டனர். பெரும் நம்பிக்கை பிறந்தது, வியாபாரமும் பிறந்தது.

ஆனால் 2015இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழுவொன்று இத்தகைய 16 சோதனைகளை ஒருங்கே நிறுத்துப் பார்த்தது. பயிற்றிய நினைவுத் திறன் வளர்ந்தது உண்மை. ஆனால் எந்தப் பிள்ளை பயிற்சி பெற்றதென்று அறியாதவர்கள் பிள்ளைகளின் நடத்தையை மதிப்பிட்டபோது, அவதானக் குறைவிலும் துடிப்பிலும் கண்ட மாற்றம் மிகச் சொற்பமே. கொக்கான் வெட்டுவதில் வல்லவளான சிறுமி கொக்கான் வெட்டுவதில்தான் வல்லவள். அதனால் அவளுக்குக் கணக்கு வந்துவிடாது. ஆகவே, மூளைப் பயிற்சி என்று சொல்லிப் பெரும் பணம் கேட்கும் விளம்பரங்களைக் கண்டால், பெற்றார் ஒருமுறைக்கு இருமுறை யோசித்தல் நன்று.

அப்படியாயின் வழியில்லையா? உண்டு. அது கணினியைவிட மலிவானது. ஆனால் கணினியைவிடப் பொறுமை வேண்டுவது.

இங்கிலாந்தில் சவுத்தாம்ரன் பகுதியில் சொனுகா பார்க் முதலானோர் ஒரு முறையை வகுத்து 2001இல் அதன் பயனை வெளியிட்டனர். அதற்குப் புதுக்காட்டுப் பெற்றார் பயிற்சி என்று பெயர். மூன்று வயதுப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் பயிற்றுநர் வாரம் ஒருமுறையாக எட்டு வாரம் சென்றனர். பிள்ளையைப் பயிற்றியவர் தாய். தாயைப் பயிற்றியவர் அந்தப் பயிற்றுநர். இன்னொரு குழுத் தாய்மாருக்கு ஆறுதல் வார்த்தையும் ஆதரவும் மாத்திரம் கிடைத்தன. பயிற்சி பெற்ற தாய்மாரின் பிள்ளைகளிடம் அறிகுறிகள் குறைந்தன. ஆறுதல் மாத்திரம் பெற்ற வீடுகளில் அவ்வாறு குறையவில்லை. பின்னர் நியூ யோர்க்கில் இதே முறையைச் சோதித்தபோது, பெற்றாரின் மதிப்பீட்டில் முன்னேற்றம் தெரிந்தது; பாடசாலை ஆசிரியரின் மதிப்பீட்டில் தெரியவில்லை. வீட்டிற் பயிற்றியது வீட்டிலே நிற்கிறது. வகுப்பிலும் வேண்டுமாயின் வகுப்பிலும் பயிற்ற வேண்டும். இந்த இடத்திலேதான் நமது சங்கத்தின் பங்கு வருகிறது.

நியூ யோர்க்கின் குவீன்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஜெவ்றி ஹல்பெறின் என்பவர் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுகளையே பயிற்சியாக அமைத்தார். கெந்துதல், பந்து எறிதல், கயிறடித்தல், சொன்னவுடன் சிலைபோல் நிற்றல், கிண்ணத்தின் கீழ் ஒளித்ததை நினைவில் வைத்துக் கண்டெடுத்தல் முதலியன அவை. ஒவ்வொரு நாளும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பெற்றார் பிள்ளையோடு விளையாட வேண்டும். 2013இல் வெளிவந்த முதற் பலன் மகிழ்ச்சி தந்தது. பின்னர் வேறொரு முறையில் உதவி பெற்ற குழுவோடு ஒப்பிட்டபோது, இரு குழுவினரும் முன்னேறினர். ஒரு குழு மற்றதை வெல்லவில்லை. இதைக் கேட்டு மனம் சோரவேண்டாம். குறித்த விளையாட்டில் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதே இதன் பொருள் என்று கருதுகிறோம். ஒரு பெரியவர் நாள்தோறும், ஒழுங்காக, கோபமின்றி, அந்தப் பிள்ளையோடு இருக்கும் நேரமே பெரும்பாலும் வேலை செய்கிறது போலும்.

அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2011இலும் 2019இலும் வெளியிட்ட வழிகாட்டிகளில், ஆறாவது பிறந்த நாளுக்கு முற்பட்ட சிறு பிள்ளைகளுக்கு முதற் சிகிச்சை பெற்றார்க்கு அளிக்கும் பயிற்சியே என்று கூறியிருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டோர் பற்றி 2018இல் வெளிவந்த இங்கிலாந்தின் வழிகாட்டியும் அவ்வாறே கூறுகிறது. மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெதைல்பெனிடேற் என்னும் மருந்து 1950களிலிருந்து வழக்கில் உள்ளது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பலருக்கு அது நன்கு உதவுகிறது. சிறு பிள்ளைகளில் பயன் குறைவாகவும் பக்க விளைவு கூடுதலாகவும் இருப்பதை 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆகவே மருந்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். அவசரப்பட்டுக் கேட்கவும் வேண்டாம். வைத்தியர் தந்தால், அயலார் பேச்சைக் கேட்டு இடையில் நிறுத்தவும் வேண்டாம்.

இனி, வீட்டிலும் வகுப்பிலும் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, பிள்ளையால் இயன்ற அளவிலிருந்து தொடங்குதல். இரண்டு நிமிடம் இருக்கக்கூடியவனுக்குப் பயிற்சி இரண்டு நிமிடத்தில் தொடங்க வேண்டும். அதில் அவன் வெற்றிபெற வேண்டும். சில நாளில் இரண்டரை நிமிடம், பின்னர் மூன்று. நாற்பது நிமிடத்தில் தொடங்கினால் அவன் நாள்தோறும் தோற்பான், தோற்கப் பழகுவான்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு சொல். “கையைக் கழுவிப்போட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அண்ணையையும் கூப்பிட்டுக்கொண்டு வா” என்றால் அவனுக்கு மிஞ்சுவது ஏதோ ஒன்றுதான். அருகே சென்று, பெயர் சொல்லி, முகம் பார்த்து, ஒன்றைச் சொல்லுங்கள். செய்து முடித்தபின் அடுத்ததைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நல்லதைக் கண்டவுடன் சொல்லுதல். மாலையில் அப்பா வந்ததும் சொல்வோம் என்பது இப்பிள்ளைக்கு உதவாது. தூரத்துப் பலன் அவன் மனத்தில் நில்லாது. “இப்ப நீ காத்திருந்தாய், கெட்டிக்காரன்” என்று அந்தக் கணமே, செய்த காரியத்தைப் பெயர் குறித்துச் சொல்லவேண்டும்.

நான்காவது, நாளின் ஒழுங்கு. எழும்பும் நேரம், சாப்பிடும் நேரம், படிக்கும் நேரம், படுக்கும் நேரம் மாறாதிருக்கட்டும். மாறுமாயின் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஐந்தாவது, விளையாட்டு. நமது முற்றத்து விளையாட்டுகளே போதும். கெந்தித்தொட்டில் உடம்பை அடக்கும் பயிற்சி உண்டு. ஒளித்துப் பிடித்தலில் எண்ணிக் காத்திருக்கும் பயிற்சி உண்டு. கொக்கானில் கண்ணும் கையும் சேர்ந்து உழைக்கின்றன. தாயத்தில் தன் முறை வரும்வரை பொறுத்தல் உண்டு. கடைக்குப் போனேன், இன்னது வாங்கினேன் என்று ஒவ்வொருவரும் ஒரு சாமானைக் கூட்டிச் சொல்லும் விளையாட்டில் நினைவு வளரும். இத்தாலிய தேசத்து மொன்ரிசோரி அம்மையார், 1907இல் ரோமாபுரியில் தாம் தொடங்கிய சிறுவர் இல்லத்தில், மூன்று வயதுச் சிறுமியொருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் நாற்பது தடவைக்கு மேல் எடுத்தெடுத்து வைத்ததைக் கண்டு வியந்தார். சிறு பிள்ளையின் அவதானம் கையின் வழியே வளருமென்று அவர் அறிந்த நாள் அது. 1944இல் அவ்வம்மையார் நமது இலங்கைக்கும் வந்து சென்றார் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ளலாம்.

பெரியோர் சிலர், “எங்கள் காலத்தில் இவையெல்லாம் இல்லை; பிரம்பு ஒன்று போதுமாயிருந்தது” என்பர். மரியாதையோடு ஒன்று கேட்கிறோம். மூன்றாம் வகுப்போடு பாடசாலையை விட்டு ஓடிய பிள்ளைகள் அக்காலத்தில் இல்லையா? உதவாக்கரை என்று ஊரெல்லாம் பெயரெடுத்தவர்கள் இல்லையா? பிரம்பு அவர்களைத் திருத்தவில்லை, கண்ணுக்கு மறைத்தது. நாமும் பிரம்பில்லாமலே அதைத்தான் செய்தோம். கண்டிப்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிறரை அடித்தால் உடனே விளையாட்டிலிருந்து சிறிது நேரம் விலக்கி இருத்துங்கள்; நேரம் முடிந்ததும் அதை மறந்து மீண்டும் சேருங்கள். கண்டிப்பு சிறிதாகவும் உடனேயும் கோபமின்றியும் இருக்கட்டும்.

தாயார் சொன்ன வார்த்தையின் பின் நாம் செய்ததையும் சொல்லவேண்டும். சங்கத்தார் இருவர் அவ்வீட்டுக்குச் சென்று, தவறு நம்முடையது என்று கூறிப் பிள்ளையை அழைத்தோம். வைத்தியரிடம் காட்டும்படி வேண்டினோம், காட்டினர். வகுப்பையும் மாற்றினோம். நாற்பது நிமிடப் பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாக வெட்டி, இடையிடையே முற்றத்து விளையாட்டு வைத்தோம். மணி அடிக்கும் வேலையையும் கொப்பி பகிரும் வேலையையும் அவனுக்குக் கொடுத்தோம். அவனுக்கருகே வளர்ந்த அங்கத்தவர் ஒருவர் இருந்தார். முதல் நாள் ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடினான். இரண்டாம் வாரம் மைப்போத்தலைக் கவிழ்த்துப் பாயைக் கெடுத்தான். இப்பொழுது ஐந்து மாதம். கதை சொல்லும்போது பத்து நிமிடமும் இருக்கிறான். பாடம் வாசிக்கும்போது இன்னும் எழும்புகிறான். இதைப் பெரிய வெற்றியென்று சொல்ல வரவில்லை. ஆனால் அவன் வாசலில் இல்லை, உள்ளே இருக்கிறான். மற்றப் பிள்ளைகளும் முன்னைவிட நன்றாகப் படிக்கிறார்கள் என்பது நாம் எதிர்பாராத பயன்.

இளைஞர்களே, இந்த வேலைக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை, ஆட்கள் வேண்டும். இன்று அப்பிள்ளையின் அருகே இருப்பவர் ஒருவரே. அவருக்குப் பரீட்சை வருகிறது, காய்ச்சலும் வரலாம். அவர் வராத ஞாயிறுகளில் பிள்ளை தடுமாறுவதைக் கண்டோம். மாறி மாறி இருப்பதற்கு இன்னும் நால்வர் தேவை. கோபம் சீக்கிரம் வராதவர்களாக, வருவேன் என்ற நாளில் வருகிறவர்களாக இருந்தால் போதும். பெரியோர்களே, தங்கள் அயலில் இத்தகைய பிள்ளையை வைத்துக்கொண்டு வெட்கத்தால் வீட்டோடு இருக்கும் தாயார் எவரையேனும் அறிவீர்களாயின், அவரிடம் இச்செய்தியைச் சொல்லுங்கள். நமது வகுப்பின் கதவு ஞாயிறு காலை எட்டரை மணிக்குத் திறக்கும். பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் இக்கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் கொடுக்கலாம்.